ஆட்டுக்குப் போட்ட பொன்னாடை

ஜன்னல் பக்கம் நீங்க உக்காந்துக்கங்க தம்பி. எனக்குக் காத்துப் பட்டா தொண்டை கட்டிரும். சாயங்காலம் இந்தத் தொண்டைதான் மேடை ஏறணும். ஆடித் திருவிழா, பட்டிமன்றம். நடுவர் கார் அனுப்புறேன்னாரு. கார் எல்லாம் எதுக்குங்க, பஸ்ல வந்தா நாலு மனுசங்களப் பாக்கலாம்னுட்டேன். உண்மையச் சொன்னா அவரு கார் அனுப்புறேன்னு சொல்லல. அது வேற விஷயம்.

என்ன, எங்கயோ பாத்த மாதிரி இருக்கா? இருக்கும் இருக்கும். போன்ல பாத்திருப்பீங்க. 'ஆட்டுப் பாடம்'னு ஒரு வீடியோ சுத்துச்சே, பொங்கல் சமயத்துல. அந்த ஆளுதான் நானு. சிரிச்சிட்டீங்க பாத்தீங்களா! சிரிங்க, நல்லாச் சிரிங்க. சிரிக்க வைக்கிறதுதான நம்ம பொழப்பு. 'சிரிப்பு முரசு' ஆவுடையப்பன்னா பொன்னமராவதியிலருந்து அறந்தாங்கி வரைக்கும் தெரியாத விழாக் கமிட்டி கெடையாது. பட்டம் யாரு குடுத்தாங்கன்னு கேக்காதீங்க, நோட்டீஸ் அடிக்கிறப்ப நம்மளே சொல்றதுதான்.

ஆனா அந்த வீடியோவுக்கு அப்புறம் எனக்கு என்ன ஆச்சுன்னு யாருக்காச்சும் தெரியுமா? என் வீட்டுக்காரி என்கிட்ட ஸ்கூல் கதை சொல்றத நிறுத்திட்டா தம்பி. பேசுறா, பேசாம இல்ல. கேஸ் தீந்து போச்சும்பா. பிரஷர் மாத்திரை போட்டீங்களாம்பா. குழம்புல உப்புக் கம்மின்னு நான் சொன்னா, உங்க நாக்குல கொழுப்பு ஜாஸ்திம்பா. எல்லாம் எப்பவும்போலதான். ஸ்கூல் கதை மட்டும் இல்ல. பொங்கலோட சரி. இந்தா ஆடியும் வந்துருச்சு.

சிரிக்காதீங்க. இது சிரிக்கிற எடம் இல்ல. சிரிக்கிற எடம் வந்தா நானே நிறுத்திக் காமிப்பேன்.

அவ பேரு தையல்நாயகி. ஸ்கூல்ல தையல் டீச்சர்னுதான் கூப்புடுவாங்க. புதுசா வர்ற ஆபீசருங்க, இந்தம்மா ஊசி நூல் சொல்லிக் குடுக்குற டீச்சர் போலருக்குன்னு நெனச்சுக்குவாங்க. அதெல்லாம் இல்ல. ஒண்ணாப்பு ரெண்டாப்பு எடுக்குறா, செங்கொளத்துப்பட்டி தொடக்கப் பள்ளியில. ஸ்கூலுக்கு மொத்தமே ரெண்டு பேருதான். ஹெட்மிஸ்ட்ரஸ் ஆரோக்கியமேரி அம்மா, அப்புறம் இவ.

சாயங்காலம் பஸ்ஸ விட்டு எறங்கி வருவா. மூஞ்சியக் கழுவுவா. காப்பிய ஆத்திக்கிட்டே, "இன்னிக்கு ஒரு கூத்துங்க"ன்னு ஆரம்பிப்பா. அவ்வளவுதான், நான் டிவிய அமத்திருவேன். அவளுக்குக் கதை சொல்லத் தெரியாது, அதையும் சொல்லிப்புடணும். முடிவ முன்னாடியே சொல்லிருவா. சொல்றதுக்குள்ள அவளே சிரிச்சிருவா. அந்தப் புள்ள யாரு மகன், எந்தத் தெரு, மூக்கு ஒழுகுச்சா இல்லையா, எல்லாம் வரும். கேக்கக் கேக்க எனக்குக் கை பரபரங்கும். அடியே, இத இங்க வெட்டி, இங்க ஒரு மூச்சு நிறுத்தி, இங்க போட்டா என்னமா எடுக்கும்! அவ வெறும் பச்சரிசியக் கொண்டாந்து கொட்டுவா, நான் பொங்கலாக் கிண்டி மேடையில எறக்குவேன். அப்படித்தான் இத்தன வருஷமா ஓடுச்சு. முன் வரிசையில உக்காந்து அவளே சிரிச்சிருக்கா தம்பி, வாயில முந்தானையப் பொத்திக்கிட்டு.

சரி, ஆட்டுப் பாடத்துக்கு வர்றேன்.

போன வருஷம் ஜூன்ல ஒண்ணாப்புல ஒரு புள்ள சேந்துச்சு. கனிஷ்கான்னு பேரு. பேரு என்னமோ டிவி சீரியல் மாதிரி, அப்பன் பேரு அடைக்கலம், ஆடு மேய்க்கிறவன். அந்தப் புள்ள வாயே தொறக்கல. ஜூன்ல தொறக்கல, ஜூலையில தொறக்கல. பேரக் கேட்டா தலையக் குனிஞ்சுக்கும். ஒண்ணுக்கு வந்தாக்கூட விரலத் தூக்காது, அப்படியே உக்காந்துருக்கும், கீழ ஈரமாயிரும். தீபாவளி தாண்டிருச்சு. ஆரோக்கியமேரி அம்மா, "டாக்டர்கிட்ட காமிக்கச் சொல்லலாமா தையல்?"னு கேட்டிருக்காங்க. இவ, "கொஞ்சம் பொறுங்க டீச்சர், அது காதால எல்லாத்தையும் வாங்கிக்கிட்டுத்தான் இருக்கு"ன்னாளாம்.

கார்த்திகை மாசம், அடை மழை. அன்னைக்கு சாயங்காலம் நனைஞ்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தா. மூஞ்சி கழுவல, காப்பி போடல. வாசல்ல நின்னுக்கிட்டே, "ஏங்க, கனிஷ்கா பேசிட்டா"ங்கறா. கண்ணுல தண்ணி. மழைத்தண்ணியோன்னு பாத்தேன், இல்ல. அந்தப் புள்ள நேரா டேபிள்கிட்ட வந்து நின்னு, "டீச்சர், எங்க வெள்ளாடு குட்டி போட்ருச்சு, ரெண்டும் கெடாக்குட்டி, ஒண்ணுக்கு நெத்தியில வெள்ளப் பொட்டு இருக்கு"ன்னு மடமடன்னு சொல்லிருச்சாம். இவ என்ன பண்ணிருக்கா? அது சொன்னத அப்படியே, சொன்ன வாக்குலயே, போர்டுல எழுதிப்புட்டா. 'எங்க வெள்ளாடு குட்டி போட்ருச்சு.' "இது யாரு சொன்னது? கனிஷ்கா சொன்னது. எல்லாரும் வாசிங்க"ன்னு வகுப்பே அத வாசிச்சிருக்கு. அந்தப் புள்ள போர்டு மேல கைய வச்சுத் தடவிப் பாத்துச்சாம், தான் சொன்னது அங்க உக்காந்துருக்கேன்னு. மறுநாள்லருந்து அதத்தான் பாடமா வச்சுக்கிட்டாங்க. ஒவ்வொரு புள்ளையும் வீட்டுச் சேதி ஒண்ணு சொல்லணும், டீச்சர் எழுதணும், எல்லாரும் வாசிக்கணும். அப்புறம் பக்கத்துலயே புஸ்தகத்துல எப்படி வரும்னு இன்னொரு தடவ எழுதுவா.

அன்னைக்கு ராத்திரிச் சாப்பாடு ஆறிப் போச்சு. அப்படிப் பேசினா.

இப்ப பொங்கல் பட்டிமன்றம். உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, தலைப்பு கமிட்டி குடுக்கும், அணிய நடுவர் பிரிப்பாரு. நம்ம விருப்பம்னு ஒண்ணும் கெடையாது. ஒரு தடவ 'மாமியாரே'ன்னு தயார் பண்ணிட்டுப் போறேன், மேடைக்குப் பின்னால வச்சு 'மருமகளே'ன்னு மாத்திட்டாங்க. பேசலியா? பேசினேன். அதே கதைதான், ஆள மாத்திட்டேன். மாமியார் செஞ்சதெல்லாம் மருமக செஞ்சா. ஜனம் அதுக்கும் கைதட்டுச்சு. அதனால சொல்றேன், இதுல சொந்தக் கருத்துன்னு ஒண்ணும் இல்ல தம்பி. வக்கீலுக்கு உண்டா சொந்தக் கருத்து?

அந்தப் பொங்கலுக்குத் தலைப்பு, 'இன்றைய மாணவரின் தமிழ் தேய்வதற்குக் காரணம் வீடா, பள்ளியா?' நடுவர் புலவர் மருதவாணன். எனக்குப் பள்ளி அணி. அதாவது வாத்தியார் மேல பழி போடுற அணி. நான் கேட்டு வாங்கல. குடுத்தாங்க.

எதிரணியில ஒரு அம்மா, ரிட்டயர்டு பேராசிரியை, குத்து குத்துன்னு குத்துறாங்க. பெத்தவங்க போனக் குடுத்தே கெடுக்குறாங்கன்னு. கூட்டம் பூரா அவங்க பக்கம் சாஞ்சுக்கிட்டிருக்கு. நான் என்ன பண்ணுவேன்? கையில இருந்த பச்சரிசி அதுதான். எடுத்து விட்டேன்.

"ஐயா, நான் படிக்கும்போது எங்க வாத்தியார் 'அறம் செய விரும்பு'ன்னு போர்டுல எழுதினாரு. நம்ம செங்கொளத்துப்பட்டியில இன்னிக்கு என்ன எழுதுறாங்க தெரியுமா? 'ஆடு குட்டி போட்ருச்சு!' யாரு ஆடு? அடைக்கலம் ஆடு! ஆட்டுக்கு அடைக்கலம், அடைக்கலத்துக்கு ஆடு, ரெண்டுக்கும் நடுவுல தமிழுக்கு எங்கய்யா அடைக்கலம்? ஆடு குட்டி போட்டா ஒண்ணாப்புப் பாடம். மாடு கன்னு போட்டா ரெண்டாப்புப் பாடம். இனிமே செங்கொளத்துப்பட்டியில பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாலும் கால்நடை ஆஸ்பத்திரிக்கு லீவு விட முடியாது, ஏன்னா சிலபஸ் அங்கதான் பொறக்குது!"

இந்தா, இதுதான் சிரிக்கிற எடம்.

கூட்டம் எந்திரிச்சு நின்னுருச்சு தம்பி. புலவர் மருதவாணன் மணியடிக்க மறந்துட்டாரு. அந்தப் பேராசிரியை அம்மாவே மூக்குக் கண்ணாடியக் கழட்டிக் கண்ணத் தொடைக்கிறாங்க. எத்தன வருஷ மேடை, இப்படி ஒரு சிரிப்ப நான் வாங்கினதில்ல.

ஏன் ஊர் பேரச் சொன்னீங்கன்னு நீங்களும் கேப்பீங்க. எல்லாரும் கேட்டுட்டாங்க. ஒரு ஊர்ப் பேரும் ஒரு ஆள் பேரும் இருந்தாத்தான் கதைக்கு உசுரு. அதுவும் அடைக்கலம்ங்கற பேரு கையில கெடச்சா எந்தப் பேச்சாளனுக்கு விட மனசு வரும்? நீங்களே சொல்லுங்க. எப்பவும் பேர மாத்திருவேன், அன்னைக்கு மாத்துனா எடுக்காது. அவ்வளவுதான்.

எவனோ அத மட்டும் வெட்டி எடுத்துப் போட்டுட்டான். முன்னால இருக்குற 'பள்ளி அணி சார்பாக'ங்கறதக் காணோம். பின்னால நான் பாராட்டிப் பேசின வரிகளக் காணோம். பாராட்டினேன், ஒரு வரி. போன்ல பாக்குறவனுக்கு என்ன தெரியும்? ஒரு ஆள் கோட்டு போட்டுக்கிட்டு வந்து, செங்கொளத்துப்பட்டி டீச்சருக்குத் தமிழ் தெரியாதுங்கறான். கீழ ஒவ்வொருத்தன் எழுதியிருக்கான் பாருங்க, சம்பளத்த நிறுத்து, வீட்டுக்கு அனுப்பு, இவங்களாலதான் நாடு கெட்டுச்சு. அதுல எழுதின பாதிப் பேருக்குத் தமிழ்ல ஒரு வரி ஒழுங்கா எழுத வரல, அது தனிக் கூத்து.

இவ அதப் பாத்தாளா? பாத்தா. ஸ்கூல்லயே காமிச்சிருக்காங்க. சாயங்காலம் வந்தா. நான் தயாரா உக்காந்திருந்தேன், அழுதா என்ன சொல்றது, கத்துனா என்ன சொல்றதுன்னு. அவ அழவும் இல்ல, கத்தவும் இல்ல. காப்பி போட்டுக் குடுத்தா. குடுத்துட்டு, "அந்தப் புள்ள பேசினத நான் வேற யாருகிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் ஓடி வந்து சொன்னேன்"னா. அவ்வளவுதான். வெங்காயம் உரிக்கப் போயிட்டா.

நான் பின்னாலயே போயி, "அது ஒரு அணி தையலு, என் கருத்து இல்ல"ன்னேன். "தெரியும்"னா. தெரியும்னுட்டா தம்பி. அதுக்கு மேல எப்படி விளக்குறது?

இதுக்கு நடுவுல அடைக்கலம் கதை வேற. டீக்கடையில போயி உக்காந்தா, "என்ன அடைக்கலம், உன் ஆடு இன்னிக்கு என்ன பாடம் நடத்துச்சு?"ங்கறான் ஒருத்தன். "சினை ஆடு பரீட்சைக்கு லீவா?"ங்கறான் இன்னொருத்தன். அவன் ரோஷக்காரன். தை மாசம் முடியறதுக்குள்ள மகள நிறுத்திட்டு, டவுன்ல வேன் வர்ற இங்கிலீஷ் மீடியத்துல கொண்டு போயி விட்டுட்டான். அதுக்கு ஒரு கெடாக்குட்டிய வித்தான்னு கேள்வி. அவன் மகள எடுத்ததும் ஊர்ல ஒண்ணு ரெண்டு பேரு யோசிக்க ஆரம்பிச்சுட்டாங்க. நம்ம புள்ளையும் ஆட்டுப் பாடம் படிக்கணுமான்னு. புள்ளைங்க கொறஞ்சா, இந்த ஸ்கூலுக்கு ஒரு டீச்சர் போதும்னு இவளத் தூக்கி வேற ஊருக்கு அடிச்சிருவாங்க. ஆரோக்கியமேரி அம்மா பயந்து போயி, பெத்தவங்களக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டாங்க.

"நீங்க வராதீங்க"ன்னா இவ. நான் வராம வேற யாரு வருவா? பத்து ஊருக்குப் பேசுறவன் பொண்டாட்டிக்குப் பேச மாட்டேனா? போனேன். கோட்டு போடல, வேட்டி சட்டைதான். புங்க மரத்தடியில பெத்தவங்க எல்லாம் உக்காந்திருக்காங்க. அடைக்கலமும் வந்திருந்தான். மகளத்தான் எடுத்துட்டானே, எதுக்கு வந்தான்னு நெனச்சேன். ஸ்கூல் கேட் பக்கத்துல துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கிறான்.

மைக் இல்ல. இல்லாட்டி என்ன, கை தானா மைக் புடிக்கிற மாதிரி வந்துருச்சு. "அவையோருக்கு வணக்கம்"னு ஆரம்பிச்சேன். அந்த டீச்சர் எப்பேர்ப்பட்ட டீச்சர்னு சொல்லணும்னா, நடந்தத நடந்தபடி சொல்லணுமில்ல? சொன்னேன். ஆடு குட்டி போட்டதச் சொன்னேன். சொல்லும்போது பழைய வேகம் வந்துருச்சு தம்பி. நாக்குக்கு அந்தத் தடம் பழகிப் போச்சு. எந்த எடத்துல நிறுத்துவேனோ அந்த எடத்துல நிறுத்திட்டேன். எந்த எடத்துல குரல ஏத்துவேனோ அங்க ஏத்திட்டேன். ஜனம் சிரிச்சிருச்சு. பொம்பளைங்க எல்லாம் தோள்ல தோள் சாஞ்சு சிரிக்கிறாங்க. எனக்கா, கூட்டம் நம்ம பக்கம் வந்துருச்சுன்னு ஒரே சந்தோஷம். அடைக்கலம் துண்ட உதறிட்டு வெளிய போனான். பீடி குடிக்கப் போறான்னு நெனச்சேன்.

அப்ப அடிச்சா பாருங்க ஒரு மணி!

ஸ்கூல் மணி. தண்டவாளத் துண்டு ஒண்ணு வேப்ப மரத்துல தொங்கும். இவ எந்திரிச்சுப் போயி இரும்பக் கையில எடுத்து டங்குன்னு ஒரு அடி. மேடைக்காரனுக்கு மணியடிச்சா என்ன ஆகும்னு இவளுக்குத் தெரியாதா? என் வாய் தானாச் சொல்லிருச்சு, "நேரத்தின் அருமை கருதி, வாய்ப்புக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன், வணக்கம்." சொல்லிட்டு உக்காந்துட்டேன். எப்படி உக்காந்தேன்னு எனக்கே தெரியல. அன்னைக்கு ஊரு சிரிச்ச சிரிப்பு, பொங்கல் மேடையில சிரிச்சதவிட ஜாஸ்தி. இதுவும் சிரிக்கிற எடந்தான். சிரிச்சுக்கங்க.

அப்புறம் இவ பேசினா. ஏத்த எறக்கம் ஒண்ணும் கெடையாது, ரேசன் கடையில மண்ணெண்ணெய் இல்லன்னு சொல்ற மாதிரி பேசுறா. "உங்க புள்ளைங்க வாயில என்ன பேச்சு இருக்கோ அதோடதான் என்கிட்ட வருதுக. வாசல்லயே நிறுத்தி, அத வெளிய வச்சுட்டு வான்னு சொன்னா, வாயையும் சேத்து வெளிய வச்சுட்டு வரும். அந்தப் புள்ள அஞ்சு மாசம் அப்படித்தான் உக்காந்திருந்துச்சு. மொதல்ல பேசட்டும். பேசுறது எழுத்தாகும்னு தெரியட்டும். புஸ்தகத் தமிழ நான் பாத்துக்கறேன். முழுப் பரீட்சைக்குள்ள உங்க புள்ள பாடப் புஸ்தகம் வாசிக்கலேன்னா, நானே உங்க வீட்டுக்கு வந்து டி.சி. குடுக்குறேன்"னா.

ஒருத்தரும் கைதட்டல. ஒரு அம்மா மட்டும், "எங்க வீட்டு மாட்டுச் சேதியெல்லாம் எழுதிறாதீங்க டீச்சர், எங்க மாமியார் சண்டைக்கு வரும்"னுச்சு. அதோட கூட்டம் கலஞ்சுருச்சு. யாரும் புள்ளைய எடுக்கல. ஏப்ரல்ல புள்ளைங்க வாசிச்சுக் காமிச்சுச்சு, அந்த மாட்டுக்காரம்மா மக உள்பட. இந்த ஜூன்ல புதுசாவும் சேந்திருக்காங்க. இவ அங்கயேதான் இருக்கா. அப்ப எல்லாம் சரியாப் போச்சுல்ல? நான் அப்படித்தான் நெனச்சேன்.

கனிஷ்கா மட்டும் வரல.

நானும் சும்மா விடல தம்பி. மேடையில ஒரு மனுசன் மனசு நொந்தா என்ன பண்ணுவோம்? பொன்னாடை போத்துவோம். அமைச்சரா இருந்தாலும் அதான், எதிரணியா இருந்தாலும் அதான். எங்கிட்ட வந்ததுலயே நல்லதா, நல்ல ஜரிகை போட்டதா ஒண்ணப் பொறுக்கி எடுத்தேன். ஒரு மாலையும் கட்டச் சொல்லி வாங்கிக்கிட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை அடைக்கலம் வீட்டுக்கே போயிட்டேன். தெருவே கூடிருச்சு. அவன் கெணத்தடியில ஆட்டுக்குத் தழை ஒடிச்சுக்கிட்டிருக்கான். போட்டேன் மாலைய, போத்தினேன் பொன்னாடைய. "ஆடு வளர்த்த அண்ணலே, வருக, மகளைப் பள்ளிக்குத் தருக"ன்னு ரெண்டு வரியும் சொன்னேன். சுத்தி நின்னு எல்லாரும் போன்ல எடுக்குறாங்க. அவன் கழுத்துல மாலையோட, கையில தழையோட, தலையக் குனிஞ்சுக்கிட்டு அப்படியே நிக்கிறான். திண்ணென்னு கல்லு மாதிரி. அந்தப் புள்ள வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டிருந்துச்சு. நான், "என்னம்மா கனிஷ்கா, தாத்தாவுக்கு ஒரு வணக்கம் சொல்லு"ன்னேன். உள்ள ஓடிருச்சு.

அப்புறம் ஒரு நாள் அந்தப் பக்கம் போறேன். கரட்டு மேட்டுல ஆடு மேயுது. அந்தத் தாய் ஆடு, நல்லாத் தெரியுது. முதுகுல என்னமோ தகதகன்னு மின்னுது. என்னடான்னு கிட்டப் போயிப் பாத்தா, என் பொன்னாடை! ஆட்டுக்குப் போத்தி, வயித்துக்கு அடியில முடிச்சுப் போட்டு விட்டிருக்கான். அது பாட்டுக்கு மேயுது, தலைவர் மாதிரி. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! அசல் ஜரிகைங்க. வீட்டுக்கு வந்து இவகிட்ட சொன்னேன். சொல்லச் சொல்ல இவ சிரிச்சா தம்பி. கண்ணுல தண்ணி வரச் சிரிச்சா. சிரிச்சு முடிச்சுட்டு, "சரியான ஆளுக்குத்தான் போய்ச் சேந்திருக்கு"ன்னா.

சிரிச்சாளேன்னு எனக்கு நம்பிக்கை வந்துருச்சு. "சரி, ஸ்கூல்ல என்ன விசேஷம்?"னு மெதுவாக் கேட்டேன். சிரிப்பு அப்படியே நின்னுருச்சு. "ஒண்ணுமில்ல, எப்பவும்போலதான்"னு எந்திரிச்சுப் போயிட்டா.

ஒண்ணாப்புல எப்படித் தம்பி ஒண்ணுமில்லாம இருக்கும்? அத்தன புள்ளைங்க இருக்குற எடத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒண்ணுமே நடக்காதா? இவ காலையில பஸ் ஸ்டாப்புல நிக்கும்போது அந்த வேன் தாண்டிப் போகும். கனிஷ்கா ஜன்னல் வழியாக் கையாட்டும். நானே பாத்திருக்கேன். இவளும் ஆட்டுவா. அங்க அந்தப் புள்ள பேசுதான்னு கேட்டேன். "எனக்கு எப்படித் தெரியும்?"னா. தெரியும் இவளுக்கு. அந்தப் புள்ள அங்க மறுபடியும் வாயத் தொறக்குறதில்லன்னு ஊருக்கே தெரியும். என்கிட்டச் சொல்ல மாட்டா.

அந்த விஷயத்துல எனக்கும் மனசு கஷ்டந்தான். நான் என்ன கல்லா? வீடியோவ வெட்டினவன் நல்லா இருப்பானா?

போன வாரம் நடந்ததச் சொல்லிடறேன், என் ஸ்டாப் வந்துரும்.

சந்தைக்குப் போயிட்டு வர்றேன், சாயங்காலம். இவ கொல்லையில நின்னு போன் பேசிக்கிட்டிருக்கா. கோயமுத்தூர்ல எங்க பொண்ணு தமயந்திகூட. "இன்னிக்கு ஒரு கூத்துடி"ங்கறா. தம்பி, எனக்குக் கால் அங்கேயே நின்னுருச்சு. எத்தன நாளாச்சு அந்த வார்த்தையக் கேட்டு! செருப்பக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டேன். சந்தைப் பையச் சத்தமில்லாமக் கீழ வச்சேன். சொந்த வீட்டுல திருடன் மாதிரி நிக்கிறேன்.

ஒண்ணாப்புல புதுசா ஒரு புள்ள சேந்திருக்காம். பொம்பளப் புள்ள. வீட்டுலருந்து ஒரு பூசணிக்காயத் தூக்கிட்டு வந்து, தன் பக்கத்துல பாயில உக்கார வச்சிருக்கு. இவ பேர் கூப்பிடறா. அது, "உள்ளேன் டீச்சர்"னு சொல்லிட்டு, பூசணிக்காயத் தொட்டுக் காமிச்சு, "இவளையும் கூப்புடுங்க"ன்னுச்சாம். இவ, "யாருடி இவ?"ன்னு கேட்டாளாம். "அதுக்கு அது சொல்லுது பாரு தமயந்தி"ன்னு சொல்லி, சிரிப்பு தாங்காம குனிஞ்சு, வயித்தப் புடிச்சுக்கிட்டு அப்படியே திரும்பறா. நான் நிக்கிறேன், கையில செருப்போட.

"அப்புறம் பேசுறேன்டி"ன்னு வச்சுட்டா. "தக்காளி நல்லா இருந்துச்சா?"ன்னு என்கிட்டக் கேக்குறா.

பைய எடுத்து அவ கையில குடுத்தேன். 

கேட்டேன். வெக்கத்த விட்டுக் கேட்டேன். "பூசணிக்காய் யாருன்னு சொல்லு தையலு." "எந்தப் பூசணிக்காய்?"னுட்டா. தமயந்திக்கு போன் போட்டேன். "அம்மாகிட்டயே கேளுங்கப்பா"ங்கறா, அதுவும் அவ பக்கந்தான். அன்னையிலருந்து நானா யோசிச்சுப் பாக்குறேன். தங்கச்சின்னு சொல்லியிருக்குமா? அம்மாவா? ஊர்ல விட்டுட்டு வந்த சேக்காளியா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு முடிவு கட்டிப் பாத்துட்டேன். எல்லாம் பிரமாதமா எடுக்கும். எந்த மேடையிலயும் நிக்கும். இன்னிக்கு எனக்கு ஆசிரியரத் தூக்கிப் பேசுற அணி வேற, சும்மா அள்ளும். ஆனா அது இல்ல தம்பி. அந்தப் புள்ள சொன்னது இது எதுவும் இல்ல. அந்தச் சிரிப்பு இதுக்கெல்லாம் வர்ற சிரிப்பு இல்ல.

இந்தா, விசில் அடிச்சுட்டான், என் ஸ்டாப். எந்திரிக்கிறேன், எறங்கணும்.

அந்தப் பூசணிக்காய் யாருன்னு கேக்குறது மேடைக்கு இல்ல தம்பி. சத்தியமா, நம்ம மாரியாத்தா மேல ஆணையா, மேடைக்கு இல்ல. எனக்குத் தெரியணும், அவ்வளவுதான். காப்பியக் குடிச்சுக்கிட்டே அவ சொல்ல, நான் கேக்கணும்.

என்ன, நம்புறீங்கதான? நீங்க நம்புவீங்க. அவ நம்பணுமே.